வரைபடத்தில் இல்லாத கை

முதலியார்பேட்டையைத் தாண்டித் தெற்கே நடந்துகொண்டிருந்தேன். பின்னால், அரசு மருத்துவமனையில், என் கூட்டாளி வலது கையில் முழங்கை வரை கட்டோடு படுத்திருந்தான். அவன் போகச் சொன்னதால்தான் கிளம்பினேன். நாங்கள் வேலை பார்த்த காகித ஆலைக்குத் திரும்பும் எண்ணம் இல்லை. என் பை அங்கே கிடந்தது. ஒரு லுங்கி, இரண்டு சட்டை. போகட்டும் என்று விட்டேன்.

சவுக்கு விறகை எரித்து, நீராவியில் டர்பைன் ஓட்டி, தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் ஆலை அது. நான் ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன். கடலூர், விழுப்புரம் பக்கம் அரிசி ஆலை, சர்க்கரை ஆலை என்று எங்கே பாய்லர் எரிகிறதோ அங்கே சாப்பிட்டு அங்கேயே படுத்தவன். நான் பார்த்த பாய்லர்களை வரைந்தவர்கள் எவரும் அதன் பக்கத்தில் ஒரு ஷிப்டு நின்றிருக்க மாட்டார்கள். சாம்பல் கதவைச் சுவரைப் பார்க்க வைப்பார்கள். சாம்பல் இழுக்கும் கம்பி ஒவ்வொரு இழுப்புக்கும் சுவரில் இடிக்கும். தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடியை ஏணியில் ஏறினால்தான் தெரியும் உயரத்தில் வைப்பார்கள். வரைபடத்தில் குழாய் இருக்கும், வால்வு இருக்கும், அதைத் திருப்பும் கை எங்கிருந்து நீள வேண்டும் என்பது மட்டும் இருக்காது. கேட்டால் அளவெல்லாம் சரி என்பார்கள். அளவு சரிதான். முட்டியை மடக்க இடம் இல்லை.

இந்த ஆலையில் இன்னும் மோசம். பாய்லரிலிருந்து டர்பைனுக்குப் போகும் குழாய் நடுவில் ஓர் இரும்பு உத்தரத்துக்குக் கீழே தாழ்ந்து, பிறகு மேலே ஏறும். குழாய் ஆறியிருந்தால் அந்தத் தாழ்வில் ஆவி தண்ணீராகித் தேங்கும். அதன் மேல் நீராவியை வேகமாக விட்டால், தண்ணீரை உருட்டிக்கொண்டு போய் வளைவில் மோதும். சம்மட்டியால் அடித்தது போல் குழாயே குதிக்கும். அதனால் மெயின் வால்வை மயிரிழை அளவு திறந்து குழாயைச் சூடாக்க வேண்டும். தாழ்வில் உள்ள வடிகால் வால்வைத் திறந்து, தண்ணீர் போய் வெறும் ஆவி வரும்வரை பொறுக்க வேண்டும். அந்த வடிகால் வால்வைத்தான் குழாய்க்கும் சுவருக்கும் நடுவே தரையோடு வைத்திருந்தார்கள். மல்லாந்து படுத்து நகர்ந்தால்தான் கை எட்டும். நீளக் கம்பி ஒன்று பொருத்தினால் வெளியே நின்றே திருப்பலாம். இன்ஜினியரே அதைக் கேட்டுப் பார்த்தார். முதலாளி வீண் செலவு என்றார். அதோடு இவரும் விட்டுவிட்டார். இந்தத் தொழிலில் எனக்கு வெறுப்பே இதில்தான். தெரியாதவனையாவது பொறுத்துக்கொள்ளலாம். இவர்களுக்கு எல்லாம் தெரியும்.

ஆயுத பூஜைக்கு நெருப்பை அணைத்து, மறுநாள் விஜயதசமியன்று நல்ல நேரத்துக்குள் டர்பைனைச் சுற்றவிடுவது அங்கே வழக்கம். வருடத்தில் குழாய் முழுக்க ஆறிக் கிடப்பது அன்றுதான். அவசரப்படுவதும் அன்றுதான். கூட்டாளி அரியாங்குப்பத்துக் கிறிஸ்தவன். "எங்க சாமி பரவால்லடா. பூசைக்கு லேட்டா போனாலும் உள்ள வுட்டுடுவாரு" என்று சொல்லிக்கொண்டே இந்த விஜயதசமியன்று வடிகாலைத் திறக்கக் குழாய்க்கு அடியில் போனான். நான் மெயின் வால்வைப் பிடித்து நின்றேன்.

விறகு ஈரம். அழுத்தம் ஏறவே நேரமாகிவிட்டது. வடிகாலில் இன்னும் தண்ணீர்தான் வந்துகொண்டிருந்தது. இன்ஜினியர் ஓடி வந்து முழுக்கத் திறக்கச் சொன்னார். ஆள் அடியில் இருக்கிறான், தண்ணீரும் போகவில்லை என்றேன்.

"தெரியும்யா, எனக்கு மட்டும் தெரியாதா? நேரம் முடியப்போவுது. மொதலாளி அங்க தேங்காயும் கையுமா நிக்கிறாரு."

"அவன் வெளிய வரட்டும் சார்" என்று வால்வுச் சக்கரத்திலிருந்து கையை எடுத்தேன். அவனைக் கூப்பிட்டேன். பாய்லர் இரைச்சலில் கேட்கவில்லை. அதற்குள் இன்ஜினியர் என்னைத் தள்ளிவிட்டுச் சக்கரத்தை வேகமாகச் சுற்றினார்.

குழாய் இடித்தது. தாங்கியிலிருந்து எழும்பி விழுந்தது. வடிகால் குழாயின் பற்றவைப்பு பிளந்து, அவன் கை மேல் ஆவி பாய்ந்தது. வால்வை மூட நான் பாய்வதற்குள் அவனே வெளியே நகர்ந்து வந்து உட்கார்ந்தான். கையைத் தன்னுடையது இல்லாத மாதிரி நீட்டிப் பிடித்திருந்தான். முதலாளியின் காரில் ஏற்றினோம். சீட்டு நனையாமல் இருக்க டிரைவர் முதலில் ஒரு சாக்கை விரித்தான்.

விரல்கள் மடங்குமா என்பதைப் பிறகுதான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அவன் மனைவி சுவரைப் பார்த்து நின்றாள். நான் நடந்ததைச் சொல்லி இன்ஜினியரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவன் கண்ணைத் திறக்காமல் பேசினான்.

"அந்தாள வுடு. நீ புடிச்சிருந்தா மெதுவா தொறந்திருப்ப. வேகமா சுத்துற மாதிரி காட்டிக்கினு கொஞ்சம் கொஞ்சமா வுட்டிருப்ப. உனக்கு அந்தப் பழக்கம் இருக்கு, அவருக்கு இல்ல. நீ கைய எடுத்துட்டு நியாயம் பேசின. போடா."

சொல்லவேண்டிய பதில் என்னிடம் இருந்தது. அந்த உத்தரவுக்குக் கை கொடுப்பவன் இருக்கும்வரை வடிகாலுக்கு நீளக் கம்பி பொருத்த மாட்டார்கள் என்பது. இன்றும் அதையே சொல்வேன். கட்டுப் போட்ட கையை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே நடந்தேன்.

அரியாங்குப்பத்தில் அவன் தெருவுக்குத் திரும்பும் வழியைக் கடந்து, பேருந்து நிறுத்தத்தில் படுத்தேன். காலையில் நோணாங்குப்பத்தில் படகுத் துறைக்கு அப்பால் ஒரு ரிசார்ட்டின் சலவைக்கூடத்தில், சின்ன பாய்லருக்கு உதவி ஆள் வேண்டும் என்றார்கள். ஒத்துக்கொண்டேன். அதை வரைந்தவனும் ஒரு மடையன்தான். கதவைத் திறந்தால் வால்வு மறைந்துவிடும். குழாயை ஒட்டி இரண்டு பெண்கள் இஸ்திரி மேசைகளில் நின்றிருந்தார்கள்.

"அண்ணா, சீக்கிரம் ஸ்டீம் வுடுங்க. பெட்ஷீட்டு குமிஞ்சி கெடக்குது" என்றாள் மேற்பார்வைக்காரி.

"வுட்டுக்கினுதான் இருக்கேன்" என்றேன். குழாய் தொட முடியாத சூட்டுக்கு வரும்வரை சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருப்பினேன். கையை எடுக்கவில்லை. அவள் முணுமுணுத்துக்கொண்டே துணியைப் பிரிக்கப் போனாள்.