எட்டுக் காலும் பொருந்தியது

அந்தக் கடைக்கு முடி வெட்டிக்கொள்ள வந்தவர்களைவிடப் பாட்டுக் கேட்க வந்தவர்களே அதிகம். கடைக்காரர் அதற்காகக் குறைபட்டுக்கொண்டதில்லை. கண்ணாடிக்கு மேலே பலகையில் இருந்த வால்வு ஆம்ப்ளிஃபயர் அவர் அண்ணன் செய்தது. அண்ணனுக்கு மோட்டார் காயில் சுற்றும் வேலை. இதற்குக் கரண்ட் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மரையும் கடையின் பின்னறையில் கையாலேயே சுற்றினார். அவர் கைப்பிடியைச் சுழற்றுவார், தம்பி சுற்றுகளை எண்ண வேண்டும். நடுவில் யாராவது எட்டிப் பார்த்து ஷேவிங் உண்டா என்று கேட்டால் எண்ணிக்கை போச்சு.

"எங்கடா விட்டே?"

"சுத்துறது நீ. உனக்குத் தெரியாதா?"

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. அவுத்துத் தொலை, முதல்லேர்ந்து."

அண்ணன் இறந்த பிறகு அவர் படத்தைக் கடையில் மாட்டச் சொன்னாள் மனைவி. "எதுக்கு? அதான் மேலே உட்கார்ந்து பாடிக்கிட்டிருக்கானே" என்றுவிட்டார்.

இந்த வருஷம் பாட்டு மங்கிப்போனது. சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும், கண்ணாடி பல்பு மாதிரியான பவர் வால்வு இரண்டும் ஓய்ந்துவிட்டன. "இதே நம்பர் வால்வுதான் போடணும். வரவழைச்சுத் தரேன், கொஞ்சம் பொறுங்க" என்றார் மெக்கானிக். ஆனால் அண்ணனின் நினைவு நாள் நெருங்கிவிட்டது. அன்று அண்ணனுக்குப் பிடித்த பாட்டுகளைக் காலையிலிருந்தே போடுவார். அவற்றை இந்த ஈனக்குரலில் கேட்பதா? மனம் ஒப்பவில்லை.

மனைவியின் தம்பி எங்கோ தேடி இரண்டு வால்வு கொண்டுவந்தான். பழசைவிடப் பருமன்.

"எட்டுக் காலும் கச்சிதமா உட்காருது பாருங்க மாமா. இதுக்குப் பவரும் ஜாஸ்தி."

உட்கார்ந்தது. நினைவு நாளன்று தெருமுனைவரை பாடவும் செய்தது. கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒருவருக்கு மீசை ஒதுக்கிக்கொண்டிருந்தார். மதியம் கருகல் வாடை வந்தபோது பக்கத்து டீக்கடையில் பால் தீய்ந்துவிட்டது என்றுதான் நினைத்தார். பாட்டு நின்றதும் நிமிர்ந்தார். ஆம்ப்ளிஃபயரிலிருந்து புகை.

மெக்கானிக் மூடியைத் திறந்து உச்சுக்கொட்டினார்.

"கால் பொருந்தினா ஆச்சா? இது சூடாகுறதுக்கே பழசைப் போல மூணு மடங்கு கரண்ட் வேணும். வாசல்ல நுழையுறாங்கன்னு ரெண்டு பயில்வானைச் சாப்பாட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்க. சமைக்கிறவன் செத்தே போயிட்டான்." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கடைக்காரர் கருகிய டிரான்ஸ்ஃபார்மரை விட்டுக் கையை எடுக்கவில்லை. "சரி பண்ணிடலாமில்ல?"

"பண்ணலாம். பழைய கம்பியை வெட்டி எறிஞ்சுட்டுப் புதுசாச் சுத்தணும்."

"கொஞ்சமாவது அப்படியே விடக் கூடாதா?"

"கருகினதை வச்சு என்ன செய்யுறது, அண்ணே?"

சுற்றும்போது அவரும் கூட இருந்தார். மெக்கானிக்கின் மெஷின் சுற்றுகளைத் தானே எண்ணியது. இருந்தும் அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஒரு தடவைகூட எண்ணிக்கை தப்பவில்லை.

சரியான வால்வும் வந்து சேர்ந்தது. கடையில் பாட்டுப் போட்டதும் மச்சினன் துள்ளினான். "கேட்டீங்களா மாமா? பழைய சத்தம் அப்படியே இருக்கு! ஒரு வித்தியாசம் சொல்லுங்க பார்ப்போம்."

அவர் காதைக் கொடுத்துக் கேட்டார். பாட்டு முடியும்வரை கேட்டார். ஒரு வித்தியாசமும் இல்லை.

மறுநாள் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து, அண்ணனின் படத்தை மாட்டினார்.