வலிப்பு வரும் பெண்ணின் பக்கத்தில்

எழுபதுகளில், ஆசிரியர் பயிற்சியின் கடைசி வருடம், விருத்தாசலத்தில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு என்னை அனுப்பினார்கள். மூன்றாம் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு அடிக்கடி வலிப்பு வரும். அவளை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்த தலைமையாசிரியர், பக்கத்தில் உட்கார நான் கிடைத்ததும் மறுபடி சேர்த்துக்கொண்டார். எனக்கு வயது பத்தொன்பது. வலிப்பை நான் பார்த்ததே இல்லை.

பீங்கான் பட்டறையில் வேலை செய்த அவளுடைய அம்மா, கையில் ஒட்டிய களிமண்ணோடு முதல் நாள் வந்தார். "பயந்துக்காதீங்க டீச்சர். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சா போதும், தானா நின்னுடும்" என்றார். நான் தலையாட்டினேன். அன்றிலிருந்து அவள் கொஞ்சம் வேகமாக இமைத்தால்கூட நான் எழுந்து நின்றுவிடுவேன்.

ஒன்பதாம் நாள், வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். கைகால் வெட்டி இழுத்தது. வாயில் நுரை தள்ளியது. பிள்ளைகள் அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். அவர்களோடு நானும் நாலடி ஓடினேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு திரும்பி வந்து, நடுங்கும் கையால் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். பக்கத்து வகுப்பு ஆசிரியர் சாவிக்கொத்தை அவள் கையில் திணிக்க வந்தார். "வேணாங்க சார், அவங்கம்மா இது போதும்னு சொன்னாங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் உடம்பு அடங்கியது. கண் திறந்தவள் கேட்டாள்:

"எல்லாரும் ஓடிட்டாங்களா டீச்சர்?"

"நான் இருக்கேன்மா."

மறுநாளும் அவள் வந்தாள், தலைமையாசிரியர் தடுக்கவில்லை. பயிற்சி முடியும்வரை பயந்துகொண்டேதான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் போன பிறகு யார் இருப்பார்கள் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. அதனால் கடைசி வாரம், வகுப்பிலிருந்த இரண்டு சிறுமிகளுக்கு அவளை எப்படிப் படுக்க வைப்பது என்று செய்துகாட்டினேன். அவர்கள் கை நடுங்கவே இல்லை.