லோரிக்கு வேறு காற்றாடி

லோரி இன்ஜினிலிருந்து கழற்றிய காற்றாடியைப் பட்டறைக்காரர் ஒரு சாக்கில் போட்டு என் காலடியில் கொண்டுவந்து வைத்தார்.

"அக்கா, இது உங்க சாமான். வேணுமா, பழைய இரும்புக்குப் போட்டுறவா?"

சாக்கின் வாயை விலக்கிப் பார்த்தேன். ஆறு இறக்கைகள், எல்லாம் இரும்பு. ஒன்றின் ஓரத்தில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு மஞ்சள் நூல் ஒட்டியிருந்தது. மூன்று மாதமாகியும் அது போகவில்லை. அதைப் பார்த்து எனக்கு அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

"போட்டுறுங்க தம்பி" என்றேன்.

அந்த நூல் நான் கட்டிய துணியிலிருந்து வந்தது.

லோரி என் கணவருடையது. பெடாஸ் சுற்றுவட்டாரத்திலும் புக்கிட் பெலண்டோக் பக்கமும் சிறுதோட்டக்காரர்கள் வெட்டிப்போடும் செம்பனைக் குலைகளை ஏற்றி எண்ணெய் ஆலையில் கொண்டுபோய்க் கொட்டுவதுதான் அவர் தொழில். நான்கு வருடத்துக்கு முன் நெஞ்சுவலியில் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் ஒரே மகள் லைசென்ஸ் எடுத்து அவருடைய இடத்தில் உட்கார்ந்தாள். நான் தோட்ட ஆபீசில் கிராணி. பகலெல்லாம் ஆட்களின் வருகையை எழுதுவேன். மாலையில் என் வீட்டு ஆள் ஒன்று வந்து சேர்ந்ததா என்று வாசலில் நின்று பார்ப்பேன்.

ஆயுத பூஜைக்கு எங்கள் தோட்டத்து லோரிக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் சூடம் காட்டுவார்கள். "செத்த இன்ஜினுக்கா சூடம் காட்டுவாங்க? அது மூச்சு விடணும்" என்பார் என் கணவர். எங்கள் லோரியில் ஓட்டுநர் உட்காரும் முன்பகுதி முழுவதையும் முன்னால் கவிழ்த்தால்தான் இன்ஜின் தெரியும். அவர் அப்படிக் கவிழ்த்து வைப்பார், நான் தட்டோடு நிற்பேன். மஞ்சள் துணியை மட்டும் வெளியே, பக்கவாட்டுக் கண்ணாடித் தண்டில் கட்டுவார். இன்ஜினில் எதையும் கட்டவிட மாட்டார். ஏன் என்று நான் கேட்டதே இல்லை.

போன ஆயுத பூஜைக்கு முந்தின மாதம், மழையில் ஆலைக்குப் போகும் வளைவில் மகள் ஓட்டிய லோரி வழுக்கி ஓரச் சாக்கடைக் கானில் ஒரு சக்கரம் இறங்கிவிட்டது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிரித்துக்கொண்டேதான் வந்து சொன்னாள். எனக்கு அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. கண்ணாடியில் கட்டுகிற துணி போதாது என்று தோன்றியது. ஒரு மஞ்சள் கிழங்கைத் துணியில் முடிந்து, ஓடுகிற இன்ஜினுக்கு முன்னால், ரேடியேட்டருக்கு மேலே இருந்த கம்பியில் கட்டினேன். ஒரு முனை நீளமாகத் தொங்கியது. என் கையில் சூடத்தட்டு இருந்தது.

"அது தொங்குது பாரு. எடுத்து மேல சொருவு" என்று மகளிடம் சொன்னேன்.

அவள் கையை நீட்டினாள். காற்றாடி முதலில் துணியை இழுத்தது. பிறகு அவள் கையை.

டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அதற்குப் பிறகும் இன்ஜின் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சூடமும் எரிந்துகொண்டிருந்தது. குங்குமம் சிந்தாமல் நான் தட்டைத் தரையில் பார்த்து வைத்தேன். அதற்குப் பிறகுதான் கத்தினேன். இந்த வரிசை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மற்றவை இல்லை. சிரம்பான் மருத்துவமனைக்கு யார் காடியில் ஏறிப் போனோம் என்பதைக்கூட மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் முதல் கணு வரை போய்விட்டன. கட்டுப்போட்ட மறுநாள் அவள் என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தாள்.

"கியர் போடறது இடது கைதானேம்மா. வலது கை சும்மா ஸ்டேரிங்கப் புடிக்கத்தான். தப்பிச்சேன்."

நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் லோரிச் சாவியை எடுத்து அரிசி டின்னுக்குள் புதைத்தேன்.

காயம் ஆறியது. சிறுதோட்டக்காரர்கள் போன் செய்துகொண்டே இருந்தார்கள். வெட்டிய குலை காத்திருக்காது. அவர்கள் வேறு லோரியைப் பிடிக்க ஆரம்பித்தார்கள். மகள் ஒரு நாள் சோறாக்க அரிசி அளக்கும்போது சாவி கையில் தட்டுப்பட்டிருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. கழுவித் துடைத்து மேசைமேல் எனக்கு முன்னால் வைத்தாள்.

"ஏம்மா, இத சோத்துல போட்டு வேக வைக்கப் போறீங்களா?"

"அது அங்கயே இருக்கட்டும்."

"வேற வேலைக்குப் போகச் சொல்றீங்களா? சொல்லுங்க. ஆனா எனக்குத் தெரிஞ்சது இதுதான். நானா எடுக்க மாட்டேன். நீங்களாத்தான் குடுக்கணும்."

நான் சாவியை எடுத்து மறுபடி டின்னில் போட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் சோறாக்கும்போது அது என் விரலில் பட்டது. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, அந்தக் காற்றாடி லோரியில் இருக்கும் வரைக்கும் தரமாட்டேன் என்றேன். காற்றாடி இல்லாமல் இன்ஜின் கொதித்துப்போகும் என்றாள். அப்படியானால் வேறு மாதிரி காற்றாடி போடு என்றேன். எனக்கு அப்போது வேறு மாதிரி என்று ஒன்று இருப்பதே தெரியாது. அவள்தான் போனில் தேடி, கரண்டில் ஓடுகிற காற்றாடி உண்டு என்று காட்டினாள்.

பெடாசிலிருக்கும் பட்டறைக்காரர் என் கணவர் காலத்திலிருந்து பழக்கம். அவரே வந்து லோரியை ஓட்டிப்போனார். சாவியை அவர் கையில் கொடுத்தேன், மகள் கையில் இல்லை. மறுநாள் நாங்கள் பஸ் பிடித்துப் போனோம்.

"அக்கா, இதுக்கு ஒரு வலை அடிச்சி மூடுனா போதும் லா. எதுக்கு சுசா, இவ்ளோ கஷ்டம்?" என்றார்.

"வேணாம் தம்பி. அது இருக்கக் கூடாது."

அவர் மகளைப் பார்த்தார். மகள் தோளைக் குலுக்கினாள்.

பழையதைக் கழற்றி என் காலடியில் வைத்தது அன்றைக்குத்தான். அது பெல்ட்டில் மாட்டியிருந்ததால் இன்ஜின் ஓடும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். அது இருந்த இடத்தில் கட்டையான போல்ட்டுகளைப் போட்டு முடுக்கினார். ரேடியேட்டரை ஒட்டி இரண்டு சின்னக் காற்றாடிகளை ஒரு சட்டத்தில் மாட்டினார். சூடு அறிகிற ஒரு சுவிட்ச், அதிலிருந்து ஒயர்கள். பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்தார். காற்றாடிகள் அசையவில்லை. நான் பயந்தேன்.

"பொறுங்க அக்கா. பழசு இன்ஜின் ஓடுனா ஓடும். இது சூடு ஏறுனாத்தான் ஓடும்."

சூடு காட்டும் முள் மெல்ல ஏறியது. இரண்டும் ஒன்றாகச் சுழல ஆரம்பித்தன. காற்று சரியான திசையில் போகிறதா என்று பார்க்க, அவர் ஒரு பழைய நாளிதழ்த் தாளை ரேடியேட்டருக்கு முன்னால் பிடித்து விட்டார். தாள் விழாமல் அதில் ஒட்டிக்கொண்டு நின்றது. மகள் கை தட்டினாள். கொஞ்ச நேரத்தில் காற்றாடிகள் தாமாக நின்றன. தாள் விழுந்தது. அவர் இன்ஜினை அணைத்துச் சாவியை எடுத்தார். நான் கையை நீட்டிக்கொண்டே நின்றதால் என் கையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

பட்டறை அமைதியாக இருந்தது. மகள் கீழே கிடந்த ஒயர்த் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சாவி என் இடது கைக்குள் இருந்தது. இனி எதுவும் அசையாது என்று நினைத்தேன். இன்ஜின் பக்கம் போய், பழையது இருந்த வெற்றிடத்தைப் பார்த்தேன். ஒயர்மேல் சுற்றிய கறுப்பு டேப்பின் நுனி ஒன்று பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. வலது கையை நீட்டினேன். எது தொங்கினாலும் சரிசெய்ய என் கை தானாக அங்கே போய்விடும். வீட்டில் திரைச்சீலையானாலும் அப்படித்தான்.

அப்போது காற்றாடி சுழன்றது. இன்ஜினில் சத்தமே இல்லை.

என் மணிக்கட்டை யாரோ பிடித்து இழுத்தார்கள். மகள். வலது கையால் பிடித்திருந்தாள். மூன்று விரல்கள் ஒரு மாதிரியும் இரண்டு மொட்டை விரல்கள் வேறு மாதிரியும் என் தோலில் அழுந்தின. காயம் ஆறிய பிறகு அந்த விரல்களை நான் தொட்டதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சூடாக இருந்தன. மற்ற விரல்களைப் போலவே.

"சாவி என் கையிலதான இருக்கு" என்றேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேனாம்.

பட்டறைக்காரர் ஈரக் கையோடு ஓடிவந்தார். "ஐயோ அக்கா, அது பேட்டரிலருந்து நேரா வருது. இன்ஜின் நின்னாலும் உள்ள சூடு ஏறும்ல? அதான் தானா சுத்துது. அது இன்ஜினுக்கு நல்லது."

"எங்களுக்கு நல்லதில்லண்ணே" என்றாள் மகள். என் மணிக்கட்டை அவள் இன்னும் விடவில்லை. "சாவியோட சேத்து உடுங்க. சாவிய எடுத்தா அது செத்துறணும்."

"சூட்டோட நிறுத்துனா இன்ஜின் பாவம்மா."

"நிறுத்தறதுக்கு முன்னால ரெண்டு மூணு நிமிஷம் சும்மா ஓட உடறேன். எனக்கு என்ன அவசரம்?"

"டிரைவரம்மா சொல்லியாச்சி. பொலே லா, செஞ்சிறலாம்" என்று மறுபடி ஒயரைப் பிரிக்க உட்கார்ந்தார்.

நான் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்திருந்தேன். மூன்று மாதமாக அரிசிக்குள் புதைத்து வைத்ததைப் பற்றி யோசித்தேன். அது எதையும் நிறுத்தி வைத்திருக்கவில்லை.

வேலை முடிந்ததும் பட்டறைக்காரர் சாவிக்காகக் கையை நீட்டினார். மகள் தானே பார்ப்பதாகச் சொல்லி என்னிடம் வந்து நின்றாள். கேட்கவில்லை. கையையும் நீட்டவில்லை. நான் கொடுத்தேன், சோதனைக்கு மட்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு. அவள் இன்ஜினை ஸ்டார்ட் செய்தாள், சூடேற்றினாள், காற்றாடிகள் ஓடின. அவை ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜினை அணைத்துச் சாவியை உருவினாள். காற்றாடிகள் தளர்ந்து நின்றன. சாவியைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"வச்சிருங்க. நான் உள்ள கைய வச்சிப் பாத்துட்டு வரேன்."

"வேணாம்."

"சாவி உங்க கிட்டத்தான இருக்கு. எங்கயும் போயிறாதீங்க."

போய் இறக்கைகளுக்கு நடுவே வலது கையை விட்டாள். ஒரு மொட்டை விரலால் ஒன்றைத் தள்ளிச் சுற்றிவிட்டாள். அது ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. மற்றதையும் தள்ளினாள். தொங்கிய டேப் நுனியை அழுத்தி ஒட்டினாள். அவசரப்படவே இல்லை. நான் இரண்டு கையாலும் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு எதையும் நான் செய்யவில்லை. செய்ய இருந்ததும் அவ்வளவுதான்.

கவிழ்த்து வைத்த முன்பகுதியை இறக்கிப் பூட்டிவிட்டு வந்தாள். இந்த முறை கையை நீட்டினாள்.

"குடுங்க."

கொடுத்தேன்.

"ஏறுங்கம்மா. பெலண்டோக்ல ஒருத்தரு குலை வெட்டிப் போட்டிருக்காரு. போற வழிதான்."

அது போகிற வழி இல்லை. ஏறினேன். பழைய காற்றாடியின் இரைச்சல் இல்லாததால் லோரிக்குள் அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. நான் சாலையைப் பார்க்காமல் சூடு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு மேட்டில் அது ஏறியது. எங்களுக்குக் கீழே எங்கோ காற்றாடி கிளம்பியது. இருக்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அதுதான்மா" என்றாள், திரும்பாமல்.

"தெரியும்" என்றேன்.