எண்ணெய் போட்ட ஹார்ட் டிஸ்க்

ஹார்ட் டிஸ்க்கை அடித்துப் பிழைத்தவள் நான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், காந்திபுரத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே பத்துக்குப் பத்து அறையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். அந்தக் காலத்து டிஸ்க்குகளுக்கு ஒரு வியாதி உண்டு. நாலு நாள் சும்மா கிடந்தால், உள்ளே சுற்றவேண்டிய தகடு சுற்றாது. தகட்டைப் படிக்கும் ஹெட் அதன்மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் பக்கவாட்டில் ஒரு போடு போட்டால் எழுந்து ஓடும். கொஞ்சம் கூடிப்போனால் செத்துப்போகும். எங்கே போடுவது, எவ்வளவு போடுவது என்பதுதான் தொழில்.

அந்தக் கை எனக்கு வாய்த்திருந்தது. நாக்குதான் வாய்க்கவில்லை. ஒரு மில் ஆபீஸ்காரர் பிளாப்பியை ஃபைலோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்துக் கொண்டுவந்து, படிக்க மாட்டேன் என்கிறது என்றார். "ஏனுங்க, உங்க மூளையவும் இப்படித்தான் பின் அடிச்சு வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அதற்கப்புறம் அந்த மில்லிலிருந்து ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. இந்த வாயை வைத்துக்கொண்டு நீ எங்கே உருப்படப் போகிறாய் என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். நான் சிரித்துக்கொண்டே சோறு தின்பேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள் காலை, பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள். சொந்தமாக லேத் பட்டறை வைத்திருந்தார்கள். அண்ணனுக்கு நாற்பது தாண்டியிருக்கும். வெள்ளைச் சட்டை போட்டிருந்தாலும் நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது. தம்பிக்கு முப்பதுகூட ஆகியிருக்காது. நாற்பது எம்பி டிஸ்க் ஒன்றைக் கழற்றி, ஈரிழைத் துண்டில் சுற்றி, அண்ணன் மடியில் வைத்தே மொபெட்டில் கொண்டுவந்திருந்தார். டிஸ்க்கின் மேலே சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வாரம் கோயமுத்தூரில் பொட்டு வைக்காத மெஷின் ஏது?

விஷயத்தைத் தம்பிதான் சொன்னான். மேசைமேல் வைத்து மாவாட்டுகிற சின்ன கிரைண்டர் ஒன்றை அவனே யோசித்து, இரண்டு வருஷமாகக் கம்ப்யூட்டரில் வரைந்திருக்கிறான். வெள்ளிக்கிழமை பம்பாயிலிருந்து ஒரு கம்பெனி ஆட்கள் வருகிறார்கள். படங்களைப் பார்த்துப் பிடித்திருந்தால் அவனையே கூப்பிட்டுக்கொள்வார்கள். "அம்புட்டும் இதுக்குள்ளதானுங்க இருக்குது. வேற எங்கியும் இல்லீங்க. இது வரலீன்னா நான் செத்தேனுங்க" என்றான்.

"அப்ப பட்டறைய உட்டுட்டுப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க" என்றான். அண்ணன் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கரண்ட் கொடுத்தேன். டிக் என்றது. அவ்வளவுதான், சுற்றவில்லை. "யாராச்சும் தொறந்தீங்களா?"

"யாரும் தொடவே இல்லீங்க" என்றான் தம்பி. அண்ணன் வாயைத் திறந்தார், அப்புறம் மூடிக்கொண்டார். நான் பார்த்தேன், பார்த்தும் கேட்கவில்லை. பிடியால் ஒரு போடு போட்டேன். அசையவில்லை. இன்னொன்று போட்டேன். அப்போதுதான் மூடியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீல் கிழிந்திருந்தது கண்ணில் பட்டது. கிழிந்ததை யாரோ திரும்ப ஒட்டியிருந்தார்கள்.

மூடியைத் திறந்தேன். எண்ணெய்!

கண்ணாடி மாதிரி இருக்கவேண்டிய தகட்டின் நடுவே, பளபளவென்று லேத்துக்குப் போடுகிற எண்ணெய். ஹெட் நிற்கிற இடத்தில் பரவி அதைப் பசை போட்ட மாதிரி பிடித்துவைத்திருந்தது. ஒரு மயிரிழைத் தூசி போனாலே உயிரை விடுகிற சாமான் அது. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

"தொடவே இல்லீன்னு பொய் சொல்லிப்போட்டு எங்கிட்ட கொண்டாந்தீங்களாக்கும்? எவனோ வேணும்னே எண்ணெய ஊத்தித் தீத்துப்போட்டான். செத்துப்போச்சுங்க இது. பொணத்தக் கொண்டாந்து வைத்தியம் பாருன்னா எப்படிங்க பாக்கறது? எடுத்துட்டுப் போங்க!" மூடியை அப்படியே மேலே வைத்து டிஸ்க்கை அவர்கள் பக்கம் தள்ளிவிட்டேன்.

தம்பி மெதுவாக அண்ணன் பக்கம் திரும்பினான்.

"நாந்தான் சாமி" என்றார் அண்ணன். "பூசைக்கு எல்லா மெஷினையும் தொடச்சம்ல. இது ஒரு மாசமா கீச்சு கீச்சுன்னு கத்திக்கிட்டே கெடந்துச்சு. பேரிங் காஞ்சிருச்சுன்னு ஒரே ஒரு சொட்டுதான்..."

"நான் தனியாப் போறேன்னு சொன்னதுக்கா?"

"அய்யோ, அதுக்கில்ல சாமி..."

முதல் அறை அங்கேதான் விழுந்தது. அண்ணனுக்குத் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. உதடு கிழிந்தது. சட்டையைப் பிடித்துச் சுவரோடு சுவராக மோதினான். காலண்டர் விழுந்தது, ஸ்க்ரூ வைத்த டப்பா கவிழ்ந்து தரையெல்லாம் இறைந்தது. "கூடவே இருந்து குழி பறிச்சுட்டியேடா" என்று கத்தினான். பத்து வயதுக்கு மேல் மூத்த அண்ணனை டா போட்டு. அவர் கையைத் தூக்கவில்லை. லேத்தில் இரும்பு பிடித்துப் பழகிய கை, தூக்கியிருந்தால் அந்தப் பையன் வெளியே ரோட்டில் போய் விழுந்திருப்பான். "உடுங்க, உடுங்க" என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

கேபினெட் நெளிசல் எடுக்கிற சுத்தியல் என் மேசையில் கிடந்தது. தம்பி அதை எடுத்தான். அண்ணன் மண்டைக்குத்தான் என்று நினைத்தேன். ஆனால் அவன் திரும்பியது டிஸ்க் பக்கம். "செத்த பொணம் எனக்கு எதுக்கு?" என்று என் வார்த்தையையே சொல்லிக்கொண்டு ஓங்கினான்.

அண்ணன் பாய்ந்து டிஸ்க்கின்மேல் வலது கையை விரித்து வைத்தார்.

சுள்ளியை மிதித்த மாதிரி ஒரு சத்தம். அவர் கத்தக்கூட இல்லை. "ம்" என்றார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போகக்கூடாத பக்கம் போயிருந்தன. ரத்தம் மூடியின்மேல் வழிந்து அந்தப் பொட்டோடு கலந்தது. அப்போதும் அவர் கையை எடுக்கவில்லை. தம்பியின் கையிலிருந்து சுத்தியல் விழுந்த பிறகுதான் எடுத்தார்.

நான் தம்பியை அறைந்தேன். அந்த அறையில் பாதி எனக்கு விழவேண்டியது, அது எனக்கே தெரிந்திருந்தது. "கண்ணத் தொறந்து பாருடா!" என்று மூடியைக் காட்டினேன். "கெடுக்கறவன் அத்தனை ஸ்க்ரூவையும் அளவா முறுக்கி வெப்பானா? சீல எச்சி தொட்டு ஒட்டி, மேல பொட்டு வெப்பானா? சொட்டு எண்ணெ விட்டது நடு பேரிங்குல. லேத்துக்காரன் வேற எங்க உடுவான்?" எல்லாமே நான் கத்துவதற்கு முன்னாலேயே என் கண்முன் இருந்தவை. ஐந்து நிமிஷம் முன்னால் இதைச் சொல்ல எனக்கு என்ன கேடு? வேணும்னே என்ற வார்த்தையை எடுத்துக் கொடுத்தவள் நான். அவன் அடித்தான், அவ்வளவுதான்.

அண்ணன் உடைந்த கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு, "நெசமாலுமே செத்துப்போச்சுங்களா அம்மணி?" என்று கேட்டார்.

"தெரியலீங்க" என்றேன். அன்றைக்கு நான் பேசிய முதல் நியாயமான பேச்சு அதுதான்.

"நீங்க அதப் பாருங்க. நாங்க ஆஸ்பத்திரி போய்க்கறம்" என்றார் அவரே. தம்பிதான் அவரைத் தோளில் தாங்கிப்போய் ஆட்டோவில் ஏற்றினான்.

நான் கதவைச் சாத்தினேன். மூடியின் ரத்தத்தைத் துடைத்தேன். தகட்டின் நடுவிலிருந்த எண்ணெயை ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். ஃபேனை நிறுத்திவிட்டு, மூச்சைக்கூடப் பக்கவாட்டில் விட்டேன். மூடியைத் திறந்தபடியே கரண்ட் கொடுத்து, நடுக்குமிழை விரலால் மெல்லத் திருப்பினேன். ஒட்டிய ஹெட் பிய்ந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. ஆயிரம் டிஸ்க்கை அடித்த கை, இதை அடிக்க மாட்டேன் என்றது. மூன்றாவது முறை, கீச்சென்று கத்திக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. பேரிங் உண்மையிலேயே காய்ந்துதான் கிடந்தது. அவர் காது தப்பாகக் கேட்கவில்லை.

திறந்த டிஸ்க் எத்தனை நிமிஷம் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு படமாகப் பிளாப்பிக்கு இழுத்தேன். படிக்க முடியவில்லை என்று திரை சொல்லும்போதெல்லாம் மறுபடி மறுபடி தட்டினேன். "வாடா, வந்துரு சாமி" என்று அதனோடு பேசினேன். மூன்று மணிக்கு உள்ளே கரகரவென்று மணலை அரைக்கிற சத்தம் கேட்டது, அப்புறம் டிஸ்க் நின்றேவிட்டது. அதற்குள் ஒரே ஒரு படம் தவிர மற்றதெல்லாம் வந்திருந்தது. போனது நடு ஷாப்ட்டின் படம். கல்லைத் தாங்கிச் சுற்றுகிற ஷாப்ட். அது இல்லாமல் கிரைண்டரே இல்லை.

நாலரைக்கு இருவரும் வந்தார்கள். அண்ணனுக்கு முழங்கைவரை மாவுக்கட்டு. தம்பியின் முகம் வீங்கியிருந்தது, அழுதிருப்பான் போல. நான் பிளாப்பிகளை மேசைமேல் வைத்து, ஷாப்ட் போய்விட்டது என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நினைத்தேன். வரவில்லை.

தம்பி பிளாப்பிகளைத் தொடாமல் நின்றான். "அளவெல்லாம் எனக்கு ஞாபகமில்லீங்க" என்றான்.

"எனக்குத் தெரியும் சாமி" என்றார் அண்ணன். "பதனோரு தடவ அந்த ஷாப்ட்ட லேத்துல கடஞ்சிருக்கறன்ல. ஒரு பேப்பர் குடுங்க அம்மணி."

கொடுத்தேன். தம்பி ஸ்க்ரூ இறைந்துகிடந்த தரையிலேயே உட்கார்ந்து எழுதினான். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒவ்வொரு இடத்துக் கனமும் நீளமும் மில்லிமீட்டரில் சொல்லிக்கொண்டே வந்தார். பேரிங் உட்காரும் இடத்துக்கு வந்ததும், "இங்க இம்புட்டு எறக்கோணும்" என்று வழக்கம்போல வலது கையைத் தூக்கி விரலைக் குவித்துக் காட்டப்போனார். மாவுக்கட்டு மட்டும்தான் எழுந்தது. அவர் அதைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு கீழே இறக்கிக்கொண்டு, "பதனேழு" என்றார்.

"மறுபடி சொல்லுங்ணா" என்றான் தம்பி.

"பதனேழு சாமி."

பேப்பரில் பதினேழு என்று அவன் ஏற்கெனவே எழுதியிருந்தது நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

"மறுபடி சொல்லுங்ணா" என்றான், மாவுக்கட்டைப் பார்த்தபடியே.