அத்தையின் கல்

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் மனிதர்களை நம்பாதவர் என்று சொல்ல முடியாது. கல்லறைக் கல்லை அவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக நம்பினார். முப்பது வருஷம் கடையில் உட்கார்ந்து, "எல்லாம் நல்லாத் தெரியுதுங்க" என்பவர்களிடம் நான்காவது வரியைப் படிக்கச் சொல்லிக் கேட்டவர் அவர். தெரியாததையும் தெரிகிறது என்றுதான் சொல்வார்கள். சிலருக்கு வெட்கம், சிலருக்கு அவசரம். கல்லுக்கு இரண்டும் கிடையாது.

அவர் குடும்பத்துக்கென்று ஒரு சங்கம் இருந்தது. ஒரே முன்னோரின் வழி வந்த நாற்பத்திரண்டு வீடுகள் சேர்ந்து ஒன்பது வருஷத்துக்கு முன் தொடங்கியது. யார் யாருக்குப் பிறந்தார் என்று விசாரித்து வம்சாவளிப் புத்தகம் எழுதுவது ஒரு வேலை. ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் முள் மண்டிக் கிடந்த குடும்பக் கல்லறைத் தோட்டத்தைச் சீராக்குவது இன்னொரு வேலை. பஸ் டிப்போவில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் தலைவர். மங்கிப்போன எழுத்தைப் படிப்பது கண்ணாடிக்காரரின் பொறுப்பு.

அதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. வாடிக்கையாளர்கள் முகம் பார்க்கக் கடையில் வைத்திருக்கும் நீளக் கண்ணாடியை எடுத்துப் போவார். வெயிலை அதில் வாங்கி, கல்லின்மேல் பக்கவாட்டில் படரவிடுவார். நேர் வெளிச்சத்தில் மொழுக்கென்று இருந்த கல்லில் ஒவ்வொரு பள்ளமும் ஒரு நிழலைக் காட்டும். நிழல்கள் சேர்ந்தால் எழுத்து. படித்ததைக் குறித்துக்கொண்டு, பிறகு சின்ன உளியால் பழைய தடத்திலேயே ஆழமாக வெட்டுவார்.

"உயிரோட இருக்கற சொந்தக்காரங்க வீட்டுக்குக் கூப்பிட்டா முட்டி வலிக்குதும்பீங்க. செத்தவங்க வீட்டுக்குன்னா முதல் ஆளா கிளம்பறீங்க" என்பாள் மனைவி. அவர் பதில் சொல்ல மாட்டார். கல்லுளிமங்கன் என்று அவள் அவருக்கு வைத்த பேர் சங்கம் முழுக்கப் பரவியிருந்தது.

நான்காவது வரிசையில், வேலியோரம், அவருடைய பாட்டியின் கல். பக்கத்திலேயே அத்தையின் கல். அப்பாவின் தங்கை, பத்தொன்பது வயதில் காய்ச்சலில் போனவள் என்று சின்ன வயதிலிருந்தே அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் பிறப்பதற்கு ஐந்து வருஷம் முன்னால் நடந்தது. இரண்டும் மிருதுவான கல். மழை பட்டுத் தேய்ந்திருந்தன. அத்தையின் கல்லைச் சுத்தம் செய்யலாமா என்று அப்பாவிடம் இரண்டு தடவை கேட்டிருக்கிறார்.

"விடுடா. தேயறது தேயட்டும்" என்பார் அப்பா.

துக்கம் இன்னும் ஆறவில்லை போலும் என்று மகன் நினைத்துக்கொண்டார். அப்பா காலமாகி இரண்டு வருஷம் கழித்து அந்தக் கல்லைக் கையில் எடுத்தார். பேர், பிறந்த தேதி, இறந்த தேதி. எல்லாவற்றையும் ஆழமாக வெட்ட மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. "இன்னும் நூறு வருஷம் தாங்கும்" என்று சங்கக் கூட்டத்தில் சொன்னார். அவர் தன் வேலையைப் பற்றிப் பெருமையாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். சங்கத்தின் இணையப் பக்கத்தில் அந்தக் கல்லின் படத்தையும் போட்டார்கள்.

நான்கு வருஷம் கழித்து, புத்தகம் அச்சுக்குப் போக ஒரு வாரம் இருக்கையில், கடைக்கு ஒரு போன் வந்தது. வயதான பெண் குரல்.

"கல்லறைத் தோட்டத்துல எழுத்து வெட்டறது நீங்கதானா?"

"ஆமாங்க."

"வேலியோரம் ஒரு கல்லு. பத்தொன்பது வயசுப் பொண்ணு. பேத்தி போன்ல படம் காட்டினா."

"அது எங்க அத்தைங்க. காய்ச்சல்ல தவறிட்டாங்க."

"காய்ச்சலா? நோவையும் அவங்களே வெச்சுட்டாங்களா?" அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "எனக்கு இப்போதைக்கு மூட்டு வலிதான் தம்பி. காய்ச்சல் வந்தே நாலு வருஷமாச்சு."

அவர் கையிலிருந்த லென்ஸைக் கீழே வைத்தார். "யாருங்க பேசறது?"

"கல்லுல இருக்கறவதான். எழுத்து ரொம்ப நல்லா வெட்டியிருக்கே. அதைச் சொல்லலாம்னுதான் கூப்பிட்டேன்."

அவர் யாருடைய மகன் என்று கேட்டுக்கொண்டு மீதியையும் சொன்னாள். ரயில்வேயில் சிக்னல் பார்த்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு வீட்டைவிட்டுப் போனாள். போன தேதியையே இறந்த தேதியாகப் போட்டு அவளுடைய அப்பா கல் நட்டார் என்று எவரோ வந்து சொல்லித் தெரிந்துகொண்டாள். அறுபத்து மூன்று வருஷத்தில் அதை அவள் பார்த்ததில்லை. "உங்கப்பாவுக்கு இடது காது மடல்ல ஒரு வெட்டு இருக்கும். கதவைச் சாத்தினது நான்தான்."

வெட்டு இருந்தது. நாய்க் கடி, நரிக் கடி என்று அப்பா ஆளுக்கொரு கதை சொல்லிவந்த வெட்டு.

"ஞாயித்துக்கிழமை ஒரு தடவ வந்து பார்த்துட்டுப் போயிடறேன். உங்க புத்தகத்துல சேர்க்கச் சொல்லி வரல. பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அவருக்குப் பயம் வேறாக இருந்தது. வந்து, பார்த்து, சரிதான் என்று திரும்பிவிட்டால் அவள் இனி வரமாட்டாள். அப்பாவின் உடன்பிறந்தவர்கள் மற்ற எல்லோரும் போய்விட்டார்கள். மிச்சமிருக்கும் ஒருத்தி தன் சாவைப் பார்த்துவிட்டுப் போக வருகிறாள். அந்தச் சாவைத் தேடி எடுத்துத் துலக்கி வைத்தது அவர் கை.

புத்தகத்தின் திருத்தப் படிகள் மேஜையில் இருந்தன. பாட்டியின் பக்கத்தைப் புரட்டியவர், அடியில் சின்ன எழுத்தில் தானே எழுதிய குறிப்பில் நின்றுவிட்டார். பாட்டி இறந்தது அத்தை போய்ப் பதினொரு வருஷம் கழித்து. தாத்தா அதற்கு முன்பே போய்விட்டதால் பாட்டிக்குக் கல் வைத்தது அப்பா. அதில், 'ஆறு பிள்ளைகளை விட்டுச் சென்றார்' என்று இருந்தது. அன்றைக்கு உயிரோடு இருந்தவர்கள் ஐந்து பேர்தானே என்று கண்ணாடிக்காரர் கீழே எழுதியிருந்தார்: 'கல் தச்சரின் கவனக்குறைவு. ஐந்து எனக் கொள்க.'

அதை அவர் நான்கு தடவை படித்தார். ஒரு வரியைப் படிக்க அவருக்கு இத்தனை நேரம் ஆனதில்லை.

மறுநாள் மாலை சங்க அறையில் தலைவர் குதித்தார். "பக்கமெல்லாம் கட்டியாச்சு. யாரோ ஒரு அம்மா போன் பண்ணினா வம்சத்தையே மாத்திடறதா? மனுசன் சொல்றதை எழுதாதே, கல்லு சொல்றதை எழுதுன்னு ஒன்பது வருஷமா எங்க வாயை அடைச்சது நீதானேய்யா?"

"கல்லு சொன்னதைத்தான் நான் எழுதல" என்றார் கண்ணாடிக்காரர். குறிப்பை வாசித்துக் காட்டினார். "தாத்தா வெச்ச கல்லு பொய். அதை ஆழமா வெட்டினேன். அப்பா வெச்ச கல்லு நிஜம். அதைத் தப்புன்னு திருத்தினேன். தப்பு என்னோடது."

தலைவர் படியை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்னு சொல்லுவாங்க. இங்க படிச்சவன் கெடுத்திருக்கான்" என்றார் கடைசியில். "அச்சகத்துக்கு நான் சொல்லிக்கறேன். ஆனா அந்தம்மாகிட்ட என்னய்யா சொல்லப் போறே?"

கண்ணாடிக்காரர் படியை வாங்கி அந்தக் குறிப்பின்மேல் ஒரு கோடு இழுத்தார்.

ஞாயிறு காலை ஒரு ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஒட்ட வெட்டிய வெள்ளை முடி, ஆண்கள் போடுகிற மாதிரி தட்டையான செருப்பு. பேத்தி பின்னால் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கண்ணாடிக்காரர் முன்னால் போய், "வாங்க அத்தை" என்றார். அந்தச் சொல்லை அவர் சொல்லிப் பல வருஷமாகியிருந்தது. மற்ற இரண்டு அத்தைகளும் எப்போதோ புத்தகத்தில் வெறும் பேர்களாகிவிட்டவர்கள்.

"காதைக் காட்டு" என்றாள் அவள். பார்த்துவிட்டு, "நல்லவேளை, வெட்டு இல்ல" என்றாள்.

தன் கல்லின் முன்னால் நின்றாள். தலைவர் தொண்டையைக் கனைத்தார். பேத்தி பாட்டியின் கையைப் பிடிக்கப் போக, அவள் தட்டிவிட்டாள்.

"எனக்குக் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க மனசு வராதவர், கல்லு மட்டும் நல்லதாப் பார்த்து வாங்கியிருக்கார்." திரும்பினாள். "அம்மா எங்க?"

"பக்கத்துலதான் அத்தை."

"ஒண்ணும் தெரியலையே. என்ன போட்டிருக்கு?"

வாயால் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. நீளக் கண்ணாடியை எடுத்து வெயிலை வாங்கி, கல்லின் ஓரத்திலிருந்து மெல்லச் சாய்த்தார். எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. அவள் குனிந்து விரலை வைத்துப் படித்தாள். 'ஆறு' என்ற இடத்தில் விரல் நின்றது.

"அப்போ யார் யார் இருந்தாங்க? சொல்லு."

அவர் சொன்னார். அப்பா, பெரியப்பா, சித்தப்பா, இரண்டு அத்தைகள். அவளுடைய மறு கையில் ஐந்து விரலும் மடங்கிவிட்டன.

"அம்மா போன சேதி கேட்டு உங்கப்பாவுக்கு ஒரு கடிதாசு போட்டேன். பதில் வரல" என்றாள்.

"இதுதான் பதில்னு நினைக்கறேன் அத்தை."

"பதில் எழுதறவன் தபால்ல போடணும். கல்லுல எழுதி வெச்சா நான்தான் வந்து படிச்சுக்கணுமா? கோழைப் பய." சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். விரல் மட்டும் இன்னும் அந்தச் சொல்லின்மேல் இருந்தது.

அவள் சொன்னதில் தப்பில்லை. அப்பாவை வீரர் என்று சொல்ல முடியாது. ஊர் வாயை எதிர்த்து அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் தாயின் கல்லில் பிள்ளைகளை எண்ணும்போது அவரால் ஒன்றைக் குறைக்க முடியவில்லை. அவரிடமிருந்தது அவ்வளவுதான். அந்தத் துளித் துணிச்சலை எந்தக் கணக்கில் வைப்பது என்று கண்ணாடிக்காரருக்குத் தெரியவில்லை. ஆனால் அதை ஐந்து என்று திருத்தியது தாம் என்பது தெரிந்திருந்தது. சொன்னார். அடிக்குறிப்பையும் மறைக்கவில்லை.

"உங்க கல்லைத் தேயட்டும்னு அப்பா விட்டிருந்தார். நான் புரியாம வெட்டிட்டேன். நூறு வருஷம் தாங்கும்னு பீத்திக்கவும் செஞ்சேன்."

"நூறு வருஷம் காத்திருக்க எனக்கு நேரமில்லப்பா."

தலைவர் ஒரு அடி முன்னால் வந்தார். "எந்தக் கல்லையும் எடுக்கக் கூடாதுன்னு சங்கத்துல விதி இருக்கும்மா. உங்களுக்காக அந்த விதியை மாத்திடலாம்."

"விதியை மாத்தறதா? எங்கப்பாவே என் விதியை மாத்தப் பார்த்தார், முடியல." அவள் சிரித்தாள், தலைவரும் சிரிக்கலாமா என்று யோசித்துச் சிரித்தார். "கல்லு இருக்கட்டும். பேரு எங்கப்பா வெச்சது, பிறந்த தேதி அவர் பார்த்தது. ரெண்டும் அவர் பாத்தியதை. போற தேதி வைக்கறது அவர் வேலை இல்ல. அதை மட்டும் எடு."

கண்ணாடிக்காரர் ஸ்கூட்டரில் கடைக்குப் போய் உரசித் தேய்க்கும் எமரிப் பொடியும் தேய்ப்புக் கட்டையும் கொண்டுவந்தார். தொழில் பழகிய காலத்தில் லென்ஸைக் கையால் தேய்த்த கட்டை. தண்ணீர் விட்டு, பொடி தூவி, வட்டமாகத் தேய்க்கத் தொடங்கினார். கல்மாவு சாம்பல் நிறத்தில் பால்போல வழிந்தது. தலைவர் வாளியைப் பிடித்துக்கொண்டார். அத்தை நீளக் கண்ணாடியை மடியில் நிறுத்தி வெயிலைக் கல்லின்மேல் சாய்த்தாள்.

அரை மணி நேரம் கழித்து அவர் கேட்டார்: "இன்னும் தெரியுதா அத்தை?"

"நல்லாத் தெரியுது. நாலாவது வரியும் தெரியுது."

"ரொம்ப ஆழமா வெட்டிட்டேன். ஒரு நாள்ல போகாது. நாலஞ்சு ஞாயிறு ஆகும்."

அவள் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பினாள். வெளிச்சம் அவர் முகத்தில் அடித்துவிட்டுக் கல்லுக்குப் போயிற்று.

"அப்போ அஞ்சு ஞாயிறு வரணும்" என்றாள், தனக்குத்தானே கணக்குப் போடுகிறவளைப் போல. பிறகு பேத்தி பக்கம் திரும்பாமலே, "அந்தத் தலைவர்கிட்ட கேளு. எனக்கு மூணு பிள்ளைங்க, ஏழு பேரப் பிள்ளைங்க. புத்தகத்துல, அந்தப் பக்கத்துல இடம் இருக்குமான்னு."

"பக்கத்தையே பெருசாக்கிடலாம்மா" என்றார் தலைவர் வாளியைக் கீழே வைத்து.

"வாளியை ஏன் வைக்கறீங்க? தண்ணி ஊத்துங்க." கண்ணாடியை நேராக்கினாள். "நீ தேய்டா."