ஊர் வீடும் இரும்பு ஏணியும்

தாராவியில் எங்கள் அறைக்கு ஏறும் இரும்பு ஏணியில் அம்மா பாதியில் நின்றுவிட்டாள். மூட்டு பிடித்துக்கொண்டது, ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. கீழ்த்தளத்துப் பட்டறைக்காரர்கள் தோல்கட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு வழிக்காகக் காத்திருந்தார்கள். அவள் காலை ஒவ்வொரு படியாக நான் தூக்கி வைத்து மேலே கொண்டுசேர்த்தபோதுதான் அது தோன்றியது: ஊர் வீட்டை விற்றுவிட்டால் என்ன?

அந்த வீடு திருநெல்வேலிப் பக்கம், நெல்லும் வாழையும் விளையும் ஒரு சின்ன ஊரில் பூட்டிக் கிடக்கிறது. விற்றால் மும்பையை ஒட்டிய அம்பர்நாத்தில் லிப்ட் உள்ள கட்டடத்தில் சின்னதாக ஒரு பிளாட் வாங்கிவிடலாம். அன்று ஏறிய அம்மா பிறகு இறங்கவே இல்லை. காய்கறிக்காரனோடு பேரம் பேசுவதுகூட ஜன்னல் வழியாகத்தான்.

ஒன்று தோன்றிவிட்டால் எனக்குப் பொறுக்காது. அடுத்த விடுமுறைக்கே ஊருக்கு ஓடினேன். கூடம், அடுக்களை, கிணறு என்று எல்லாவற்றையும் வீடியோ எடுத்தேன். தாத்தா வீட்டை நடுச்சுவர் வைத்து இரண்டாக்கியதில் ஒரு பாதி எங்களுக்கு, மறு பாதி சித்தப்பாவுக்கு. கிணறும் சந்தும் பொது. சித்தப்பா வயலுக்குப் போயிருந்ததால் அவரைப் பார்க்காமலே ரயில் ஏறிவிட்டேன். ரயிலிலேயே வீடியோவை மும்பையில் இருக்கும் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாயிற்று. மாட்டுங்கா, செம்பூர் என்று போன் வந்துகொண்டே இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

செம்பூர்க்காரர் ஒருவர் நேரிலேயே போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, வேண்டாம் என்றார். வீட்டில் ஒரு குறையும் இல்லையாம். ஆனால் டீக்கடையில் எல்லாரும் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி: தம்பிக்காரர்கிட்ட கேட்டாச்சா?

எங்கள் ஊரில் வீடு விற்பவர் முதலில் வெற்றிலை பாக்கோடு போய்ப் பங்காளியிடம் கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்ற பிறகுதான் வெளியாள். கேட்காமல் விற்ற வீட்டை வாங்குகிறவர், மனம் கசந்த ஒருவரோடு காலமெல்லாம் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைக்க வேண்டும். அதற்கு யார் துணிவார்கள்?

இது எனக்குத் தெரியாது. தெரிந்த அப்பாவோ, நான் ஊரில் சித்தப்பாவைப் பார்த்து விஷயத்தைச் சொல்லியிருப்பேன், முறையாகப் பிறகு போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டார்.

சித்தப்பா போன் செய்தார். அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"ஊருக்கே வீட்டத் தொறந்து காட்டிட்டிய. பக்கத்துச் செவுத்துல இருக்கவன்கிட்ட ஒரு வார்த்த சொல்ல முடியல, என்னண்ணே?"

அப்பா போனை வைத்துவிட்டார்.

பிறகு சித்தி என்னிடம் தனியாகச் சொன்னாள். தன் மகனுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது. எங்கள் பாதியை வாங்கிவிட வேண்டும் என்று சித்தப்பா எப்போதோ முடிவு செய்திருந்தாராம். ஆனால் முறையாக வந்து கேட்டால்தான். அப்பாவோ, போனில் அப்படிப் பேசிய தம்பி வாசலில் போய் நிற்கமாட்டேன் என்கிறார். போனில் கேட்டால் கேட்டதாக ஆகாது. நான் போய்க் கேட்டாலும் ஆகாது. சின்னப் பெண் கேட்பதை ஊர் கணக்கில் எடுக்காது. வாங்க ஆள் இருக்கிறது, விற்கவும் ஆள் இருக்கிறது. நடுவில் சுவர் மட்டும் அப்படியே நிற்கிறது. நான் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த ஏணியைப் பார்த்துக்கொண்டே போகிறேன்.

போன வாரம் அம்மாதான் ஆரம்பித்தாள்.

"நான் மாடியில மாட்டிக்கிட்டேன், ஒங்கப்பா ரோசத்துல மாட்டிக்கிட்டாரு. எனக்காவது ஏணி இருக்குட்டி."

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நான் போயிக் கேக்கேன்," என்றாள். "மைனியே வந்து நின்னா ஒங்க சித்தப்பா இல்லேன்னு சொல்ல மாட்டாரு."

எப்படி இறங்குவாய் என்று கேட்டேன். ஏறினவளுக்கு இறங்கத் தெரியாதா என்றாள். நேற்று நான் வேலை முடிந்து வந்தபோது, கால் வழுக்காமல் இருக்க அப்பா ஏணிப் படிகளில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. ஏணியடியில் யாரும் காத்திருக்க மாட்டார்கள். அம்மாவின் இடுப்பில் பழைய சேலையைக் கட்டி அப்பா மேலிருந்து பிடித்துக்கொள்வார், நான் கீழே நின்று காலை எடுத்து வைப்பேன். அன்றைக்கு அவள் நின்றுபோன படியைத் தாண்டிவிட்டால், அங்கேயே நின்று ஊருக்கு, அவளுக்கும் எனக்கும், இரண்டு டிக்கெட் போட்டுவிடுவேன்.