சுடக்கூடாத மட்டைகள்

போருக்குத் தப்பி யாழ்ப்பாணத்தை விட்டு வந்து, எண்பதுகளில் சுவிஸில் டாவோஸ் ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவினேன். அங்கே ஒரு சமையல்காரர், சிவந்த முகத்துச் சுவிஸ்காரர், ஓரிடத்தில் நிற்கமாட்டார். கைத்துப்பாக்கிப் போட்டிப் பைத்தியம். ஓடி ஓடி, கடதாசி மட்டையில் வெட்டிய மனித உருவங்களைச் சுடுவதா, நின்றபடி இரும்புத் தட்டுகளைச் சுட்டு விழுத்துவதா என்று அந்தக் கோடை முழுக்க அவருக்கு முடிவு வரவில்லை. அகப்பையைத் துவக்காகப் பிடித்து மேசைகளைச் சுற்றி ஓடிக்காட்டுவார். நான் என்னை அறியாமல் கழுவுதொட்டிக்குப் பின்னால் குனிந்துவிடுவேன்.

"மட்டை எல்லாம் எதிரிகளோ?" தெரிந்த ஜெர்மனில் கேட்டேன்.

"இல்லை. சுடக்கூடாத ஆக்களும் மட்டையாய் இடையில நிப்பினம். பட்டால் புள்ளி குறையும்."

"புள்ளி மட்டுமோ?"

அவர் சிரித்தார். "சரி, நீயே சொல்லு. எது?"

"தட்டு. விழுந்தாலும் திரும்ப நிமித்தி வைக்கலாம்."

அகப்பை அசையாமல் நின்றது. அடுத்த ஞாயிறு அவர் எந்தப் போட்டிக்குப் போனாரென்று நான் கேட்கவில்லை.